பூஜ்யம் என்றால் சரி

ஆகஸ்ட் 5, திங்கள்

புதிய சர்வர் அமைக்கும் வேலை இன்று முறைப்படி என்னிடம் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் லேப், மருந்தகம், வார்டு, ரிசப்ஷன் என நான்கு இடங்களில் நான்கு பணியாளர் பட்டியல்கள் இருக்கின்றன. வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருடமான ஒரு நர்ஸின் பெயரைப் போட்டால் மருந்தக கம்ப்யூட்டர் இன்னமும் திறக்கிறது. இனி எல்லாவற்றுக்கும் ஒரே டைரக்டரி சர்வர். எந்த கம்ப்யூட்டரில் யார் பெயரும் கடவுச்சொல்லும் போட்டாலும், "இவரை விடலாமா?" என்று அது இந்த சர்வரைக் கேட்கும். சர்வர் சொல்வதே முடிவு.

நிர்வாக அதிகாரி லூர்துசாமி சார் ஒரு நிபந்தனை போட்டார். பட்டியல் பணியாளர் பிரிவில் கோமதியம்மாவின் கம்ப்யூட்டரில்தான் இருக்க வேண்டும். விடுப்பு விண்ணப்பிப்பதற்காக எல்லோருடைய பெயரும் கடவுச்சொல்லும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. சர்வருக்குள் ஒரு நகல் வைத்தால் அது ஐந்தாவது பட்டியலாகிவிடும் என்றார். சரியான பேச்சுதான். ஆனால் கோமதியம்மாவை முழுதாக நம்ப எனக்கு மனம் வரவில்லை. பட்டியலின் ஒரு பிரிண்ட் கேட்டதற்கு எதற்கு, யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று மூன்று கேள்வி கேட்டார்.

வீட்டில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. கிணற்றுக்குள் குழாய் அடியில் இருக்கிற ஃபுட்வால்வு போயிருக்கும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. இந்த சர்வர் வழக்கமாகத் தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். ஆனால் "உன் பட்டியலைப் பார்க்காதே, இந்த ஸ்கிரிப்டை ஓட்டி அது சொல்வதைச் சொல்" என்றும் அதற்குக் கட்டளை கொடுக்கலாம். ஸ்கிரிப்ட் என்பது ஒரு சின்ன புரோகிராம்தான், பெர்ல் மொழியில் எழுதினால் போதும். பெர்ல் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். என் ஸ்கிரிப்ட் கோமதியம்மாவின் கம்ப்யூட்டருக்குப் போய்க் கடவுச்சொல்லை ஒப்பிட்டுவிட்டு ஓர் எண்ணோடு திரும்பி வரும்.

எண்களில் ஒரு விசித்திரம். பூஜ்யம் என்றால் சரி, உள்ளே விடு. நாற்பத்தொன்பது என்றால் கடவுச்சொல் தப்பு. மற்ற எண்கள் மற்ற மற்ற கோளாறுகள். பூஜ்யத்தை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு பழகிய கைக்கு இது இடறும். மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன்: பூஜ்யம் என்றால் சரி.

ஆகஸ்ட் 14, புதன்

நூற்று நாற்பத்தோரு வரிகள் ஆகியிருக்கின்றன. கோமதியம்மாவின் மேஜைக்கு அடியில் குனிந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிச் சோதித்தேன். இணைப்பு அறுந்ததும் ஸ்கிரிப்ட் செத்தது, போகும்போது சர்வரையும் கூட்டிக்கொண்டு போனது. அதனால் ஒரு தடுப்புப் போட்டேன். அந்த கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வெறுங்கையோடு திரும்பிவிடு. இப்போது சர்வர் சாவதில்லை. வெறுங்கைக்குப் பதில் ஒரு முறையான எண் போட வேண்டும். திங்கட்கிழமை போடலாம்.

மேஜைக்கு அடியில் நான் இருந்த பத்து நிமிடமும் கோமதியம்மா நாற்காலியை விட்டு நகரவில்லை. என்னத்தையோ எடுத்துக்கொண்டு போக வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலை எட்டு மணிக்கு எல்லோரையும் புதிய சர்வருக்கு மாற்றினேன். இருநூற்றுப் பதினெட்டுப் பேர். பதினொரு மணி வரை போன் ஓயவில்லை. கடவுச்சொல்லை மறந்தவர்கள் முப்பத்தேழு பேர். லேப் டெக்னீசியன் ஜெசிந்தா தன்னுடையதைச் சீட்டில் எழுதி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார். அப்படி வைக்கக் கூடாது என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைக் குறித்து வைக்கிறேன்.

லூர்துசாமி சார் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். சில்லறை வேலைகள் பாக்கி இருக்கின்றன. பிறகு பார்க்கலாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மதியம் ஒன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ரிசப்ஷனில் திரைகள் எல்லாம் இருட்டு. சாப்பாட்டுக்கு எழுந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்று ஜூலையில் நான் எழுதிய சுற்றறிக்கையை மதிக்கிறார்கள். அதற்கு முன்னால் யாரோ ஒருவர் விட்டுப்போன கம்ப்யூட்டரில் யாரோ ஒருவர் படம் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேன்டீனில் மருந்தகத்து நயினார் என் தோளைத் தட்டினார். "சார்வாள், ஒங்க சர்வர் காலைல வாத்தியார் மாதிரி, ஒரு எழுத்து மாறினா வெரட்டுது. மத்தியானம் தங்கமான மனுசன்லா" என்றார். கூட இருந்த இரண்டு நர்ஸ்களும் சிரித்தார்கள். மதியம் கூட்டம் குறைவு, அதனால் வேகம் அதிகம் என்று விளக்கினேன்.

செப்டம்பர் 18, புதன்

சர்வர் முப்பது நாள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஃபுட்வால்வு மறுபடியும் போயிற்று.

அக்டோபர் 7, திங்கள்

கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு வெளியே போயிருக்கிறது. கல்லீரல் தொற்று. மருந்தில் கட்டுப்படுத்தக்கூடியது என்கிறார் டாக்டர். முடிவு பெண்ணின் கைக்கு வருவதற்கு முந்தைய நாளே மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரின் போனில் அது படமாக இருந்திருக்கிறது. ஐப்பசிக் கல்யாணம் நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா லூர்துசாமி சார் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. யார் திறந்து பார்த்தார்கள் என்ற பெயர் மட்டும் வேண்டும் என்று கேட்டார்.

அக்டோபர் 8, செவ்வாய்

பெயர் என்னிடம் இருக்கிறது. அந்த அறிக்கை இரண்டே முறை திறக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, டாக்டர். இன்னொன்று, அக்டோபர் 3, மதியம் 1.47, ஜெசிந்தா. திறந்த இடம் இரண்டாவது மாடியில் எல்லோரும் பயன்படுத்தும் கம்ப்யூட்டர். லேப்பில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கும்போது மாடி ஏறிப் போவானேன்? அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

லூர்துசாமி சார் எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: 'சரியான கடவுச்சொல் இல்லாமல் யாரும் நுழைய முடியாது. சர்வரில் எந்தக் குறையும் இல்லை.' கையெழுத்து, தேதி, முத்திரை.

அக்டோபர் 9, புதன்

ஜெசிந்தாவை விசாரணை முடியும் வரை இடைநீக்கம் செய்தார்கள். ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறார். அந்த நேரத்தில் சாப்பாட்டு அறையில் நான்கு பேரோடு உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறார். நான்கு பேரும் லேப் ஆட்கள், சிநேகிதிகள். அந்தச் சாட்சியத்தை எவ்வளவு எடுத்துக்கொள்வது? கடவுச்சொல்லை யாருக்காவது கொடுத்திருக்கலாம். சீட்டும் கண்ணாடிக் கூடும் எனக்குத் தெரியும், அதையும் சொன்னேன்.

நோயாளியின் அறிக்கையை வெளியே விட்டார் என்று நீக்கப்பட்டவரை இந்த ஊரில் எந்த லேப்பும் எடுக்காது. அவர் கணவர் போன வருடம் இறந்துபோனார் என்று இன்றுதான் தெரிந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். காற்றோட்டத் துளைகளில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

விசாரணை 23ஆம் தேதி. வேறு எந்த வழியும் இல்லை என்பதை நானே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கடவுச்சொற்கள் கோமதியம்மாவின் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவர் அறையில் இல்லாத நேரத்தில் யாராவது அதில் உட்கார்ந்திருந்தால்? அவரே கொடுத்திருந்தால்? சுற்றி வளைக்காமல் கேட்டேன். அக்டோபர் 3 மதியம் உங்கள் கம்ப்யூட்டரில் யார் இருந்தார்கள்?

அவர் கோப்பை மூடி வைத்தார். "யாரும் இருக்க முடியாது. ஒண்ணரைக்கு நான் மெஷின அமத்திட்டு, ரூமையும் பூட்டிட்டுத்தான் சோத்துக்குப் போறேன். ரெண்டேகாலுக்கு வந்துதான் போடுவேன். அமத்தச் சொல்லி சர்க்குலர் போட்டதே நீங்கதான?"

சாயங்காலமும் அணைப்பீர்களா என்று கேட்டேன். இல்லை, விரல்ரேகை வருகைப் பதிவு ஏறுவதற்காக அதை ஓட விட்டுத்தான் போவேன் என்றார். மதியம் மட்டும்தான்.

ஆக, அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது, அறை பூட்டியிருந்தது. அந்த வழியும் அடைபட்டது. ஜெசிந்தாவைத் தவிர வேறு யாரையும் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

பஸ் ஸ்டாப்பில் ஜெசிந்தா காத்திருந்தார். எனக்காகத்தான். விசாரணைக்கு முன்னால் நான் அவரோடு பேசுவது முறையல்ல என்று சொன்னேன். பேச வேண்டாம், கேட்டால் போதும் என்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் சார். காலைல கை தவறி ஒரு எழுத்து மாத்திப் போட்டா தப்புன்னு சொல்லுது. சாயங்காலமும் சொல்லுது. மத்தியானம் மட்டும் ஒரு தடவகூட சொன்னதே இல்லையே. நாங்க எல்லாரும் அத வச்சுச் சிரிச்சிருக்கோம். அது ஏன் சார்?"

என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். கெட்டிக்காரி. விசாரணையில் சொல்வதற்கு ஒரு கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். புதிய பஸ் நிலையம் வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

மதியம் 1.40. என் பெயரைப் போட்டேன். கடவுச்சொல்லுக்கு 'வெண்டைக்காய்' என்று அடித்தேன். திறந்தது.

லூர்துசாமி சாரின் பெயர். வெண்டைக்காய். திறந்தது.

ஜெசிந்தாவின் பெயர். ஒரே ஒரு புள்ளி. திறந்தது.

2.20க்கு மறுபடி செய்தேன். மூன்றும் 'தவறு'.

அக்டோபர் 19, சனி

தொண்ணூற்று இரண்டாவது வரி. கோமதியம்மாவின் கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பு. வெறுங்கையை சர்வர் பூஜ்யம் என்று வாங்கிக்கொள்ளும். பூஜ்யம் என்றால் சரி. மஞ்சள் சீட்டு இன்னும் மானிட்டரில்தான் இருக்கிறது. பசை காய்ந்து ஒரு முனை மட்டும் தூக்கியிருக்கிறது.

வெறுங்கை இருந்த இடத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். 'இப்போது விசாரிக்க முடியவில்லை' என்று அதற்கு அர்த்தம். இரண்டு இலக்கங்களை அடிக்க எத்தனை விநாடி ஆகும்? மதியம் சோதித்தேன். யாரையும் விடவில்லை. பழைய வரியை ஒரு தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. இனி யார் எப்படிச் சோதித்தாலும் சர்வரில் எந்தக் குறையும் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஃபுட்வால்வை மாற்றினேன். பழைய வால்வில் நரம்பு மாதிரி ஒரு வேர் சிக்கியிருந்தது. அதனால்தான் அது முழுதாக மூடவில்லை.

என் மனைவி செண்பகம் துணி காயப்போட்டுக்கொண்டே, அந்த லேப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டாள். புதன்கிழமை விசாரணை என்றேன்.

"நீங்க என்ன சொல்லப் போறிய?"

"இருக்கறதச் சொல்லுவேன்."

கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இருபது வருடமாக அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவளுக்கு ஏதோ சந்தேகம்.

அக்டோபர் 22, செவ்வாய்

லூர்துசாமி சார் கூப்பிட்டார். ஜெசிந்தா எழுத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறார். மதியம் எந்தக் கடவுச்சொல்லையும் சர்வர் ஏற்றுக்கொள்கிறது, சோதித்துப் பாருங்கள் என்று அதில் இருக்கிறது. சார் நேற்று மதியமே ரிசப்ஷனில் சோதித்துவிட்டாராம். அவர் பெயரில் தப்பான கடவுச்சொல்லைப் போட்டதும் மறுத்துவிட்டது.

"கேக்க ஆளில்லைன்னு நெனச்சு ஒங்க மேலயே பழி போடுதா பாத்தீங்களா குமரேசன்? நாளைக்குக் கமிட்டி முன்னால நீங்களும் ஒருக்காச் சோதிச்சுக் காட்டிருங்க. அதோட முடிஞ்சிரும்."

சரி சார் என்றேன். மதியம் மட்டும் உள்ளே போக முடியவில்லை என்று நேற்று வார்டிலிருந்து ஆறு புகார்கள் வந்ததைச் சேர்த்துச் சொல்லவில்லை.

ஒரு கணக்கு எனக்குத் தெளிவாக இருக்கிறது. நான் பேசாமல் இருந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கோமதியம்மாவுக்கு ஸ்கிரிப்ட் தெரியாது. லூர்துசாமி சாருக்கு வரி எண் தெரியாது. சந்தேகப்படத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இரண்டு மாதமாக என்னைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அக்டோபர் 23, புதன்

விசாரணை பதினொரு மணிக்கு என்றிருந்தது. சோதனையை ஒன்றரைக்கு மேல்தான் காட்ட முடியும் என்று சொல்லித் தள்ளிப் போடச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். அப்போது காட்டுகிறேன் என்றேன்.

1.25க்கு என் அறையில் தொண்ணூற்று இரண்டாவது வரியைப் பழையபடி ஆக்கினேன். 1.30க்குக் கோமதியம்மா கம்ப்யூட்டரை அணைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு, டிபன் கேரியரோடு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

கமிட்டியில் மூன்று பேர்: லூர்துசாமி சார், டாக்டர் ஒருவர், நர்சிங் சூப்பரின்டென்டென்ட். ஜெசிந்தா எதிரே உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். லேப்டாப்பை லூர்துசாமி சார் பக்கம் தள்ளினேன். ஜெசிந்தாவின் பெயரைப் போடுங்கள், கடவுச்சொல்லுக்கு உங்களுக்குத் தோன்றுவதை அடியுங்கள் என்றேன். அவர் ஒற்றை விரலால் எதையோ அடித்தார். லேப் பக்கம் திறந்தது.

அவர் லேப்டாப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நான் அன்னைக்குப் போட்டப்போ வெரட்டுச்சே?"

"சனிக்கிழமை நான் ரகசியமா மாத்திட்டேன் சார். இன்னைக்குப் பழையபடி ஆக்கிட்டு வந்திருக்கேன். அக்டோபர் மூணாம் தேதி இப்படித்தான் இருந்துச்சு. ஆகஸ்ட் பத்தொம்பதுலருந்து தினமும் மத்தியானம் முக்கால் மணி நேரம் இப்படித்தான் இருந்துச்சு. எட்டாம் தேதி நான் குடுத்த லெட்டர் தப்பு."

டாக்டர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, தன் பெயரைப் போட்டு ஒரு தடவை முயன்றார். பிறகு இன்னொரு தடவை. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் தனக்குப் போட வேண்டாம் என்று கையசைத்தார். ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினார். அந்த டப் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அக்டோபர் 24, வியாழன்

இடைநீக்கம் ரத்து. எனக்கு மெமோ. என் ஸ்கிரிப்டை இனி வெளியாள் ஒருவர் வரி வரியாகப் பார்ப்பார். நியாயம்தான். தொண்ணூற்று இரண்டாவது வரியில் மறுபடி ஐம்பத்திரண்டு போட்டாயிற்று.

பெண்ணின் அப்பாவுக்கு என்ன பெயரைச் சொல்வது என்று லூர்துசாமி சார் கேட்டார். மருந்தகத்து நயினாரின் முகம் மனதில் வந்து நின்றது. ஒரு கேலியைத் தவிர அவருக்கு எதிராக என்னிடம் ஒன்றுமில்லை. இன்னொரு லெட்டரை அப்படி எழுத மாட்டேன். சொல்ல முடியாது என்றேன். இரண்டு மாதத்தில் அந்த முக்கால் மணி நேரத்தில் நுழைந்தவர்களின் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நூற்று எண்பத்தாறு முறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது இல்லை.

என் பெயர் ஒன்பது முறை வருகிறது. ஏழு நான்தான். மீதி இரண்டு எனக்குத் தெரியாது.

கோமதியம்மா வாசலில் நிறுத்தினார். "அப்போ அமத்த வேண்டாம்னு ஒரு சர்க்குலர் போட்டுருங்க. வாய்ல சொன்னா நான் கேக்க மாட்டேன்."

போட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து ஜெசிந்தா இன்று வேலைக்கு வந்தார். மதியம் 1.40க்கு என் அறைக்கு வந்தார். புதிய கடவுச்சொல் வேண்டுமா என்று கேட்டேன். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தன் பெயரைப் போட்டார். எதையோ அடித்தார். 'தவறு' என்று வந்தது. மறுபடியும் அடித்தார். 'தவறு'. மூன்றாவது தடவையும் அதே பதில். திரையை நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஒங்க பேருக்கும் போட்டுப் பாக்கட்டுமா சார்?"

பாருங்கள் என்றேன். என் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்தார். கடவுச்சொல்லை நிறுத்தி நிதானமாக அடித்தார். நான் அவர் விரல்களைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிரே பணியாளர் பிரிவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோமதியம்மாவின் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

'தவறு' என்று வந்திருந்தது. ஜெசிந்தா எழுந்து போய்விட்டார். நாற்காலியைப் பழைய இடத்தில் போடவில்லை.